கன்றுக்குக் காசு, மரத்துக்கு யார்?

ஜூன் மாதம் நெருங்கினால் பர் துபாயில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். கைபேசியில் "உங்கள் பெயரில் சென்னையில் ஒரு மரம்" என்று அழைப்பு வரும். சில நூறு ரூபாய்க்கு ஒரு கன்று. கூடுதலாக அனுப்பினால் ஒரு குட்டிக் காடு. மாநகராட்சி இடம் தரும், தொண்டு நிறுவனம் நடும், பணம் நம்முடையது. பதிலுக்குப் பெயர் பொறித்த சான்றிதழும், பச்சைச் சட்டை போட்ட பள்ளிப் பிள்ளைகள் கன்றைச் சுற்றி நிற்கும் படமும் வந்து சேரும். குழந்தையின் பிறந்தநாளுக்கு, அப்பாவின் திதிக்கு, திருமண நாளுக்கு என்று அனுப்புகிறோம். நல்ல மனதோடுதான் அனுப்புகிறோம்.

அனுப்பாதீர்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

அரசும் தொண்டு நிறுவனங்களும் கைகோத்து நகரத்தின் மரங்களை மீட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சென்னை போன்ற ஊரில் வேறு வழியும் இல்லை. நிலம் அரசிடம் இருக்கிறது. மரத்தைப் பற்றிய அறிவும் பொறுமையும் பெரும்பாலும் வெளியே இருக்கின்றன. என் ஆட்சேபம் நாம் எதை விலைக்கு வாங்குகிறோம் என்பதில்தான். நாம் வாங்குவது கன்று. ஊருக்கு வேண்டியது மரம். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஐந்து கோடைகள் இருக்கின்றன. அந்த ஐந்து கோடைகளுக்கு யாரும் ரசீது போடுவதில்லை. நாமும் கேட்பதில்லை. நாம் கேட்காததனால்தான் அவர்கள் அதைச் செய்யாமல் இருக்க முடிகிறது என்பது என் வாதம்.

யாருடைய நாட்காட்டி?

முதலில் தேதியைப் பாருங்கள். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். 1972இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய நாள் அது. சுவீடனில் ஜூன் மாதம் இளவேனில் முடிந்து செடிகொடிகள் செழிக்கும் காலம். சென்னையில் அக்கினி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். தரை தகித்துக்கொண்டிருக்கும். தென்மேற்குப் பருவம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்கிறது. ஐப்பசியில் வைத்த கன்று இரண்டு மாதம் வானத்துத் தண்ணீரைக் குடித்து வேர் பிடிக்கும். ஜூன் 5இல் வைத்த கன்றுக்கு லாரித் தண்ணீர் வேண்டும், அதுவும் நாள் தவறாமல்.

இது தெரியாத ஆள் தமிழ்நாட்டில் இல்லை. ஆடிப்பட்டம், ஐப்பசி அடைமழை என்று ஆண்டையே மழையால் எண்ணிய சமூகம் இது. இருந்தும் ஜூன் 5இல் நடுவதற்கு ஒரே காரணம், பணம் கொடுப்பவர்கள் அந்த நாளில் படம் கேட்கிறார்கள். நிறுவனத்தின் சுற்றுச்சூழல் நாள் அறிக்கைக்கு ஒரு படம் வேண்டும். நம் குழுக்களுக்கும் அதே நாளில் வேண்டும். இலங்கையின் வடக்கு மாகாண சபை மரநடுகை மாதமாகக் கார்த்திகையைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு வேறு உணர்வுகளும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் மழை பெய்யும் மாதம் அதுதான். கன்றின் பக்கமிருந்து பார்த்தால் அது சரியான முடிவு.

எண்ணிக்கை என்னும் போதை

அடுத்தது எண்ணிக்கை. தமிழ்நாட்டுக்கும் இந்த நோய்க்கும் பழைய உறவு. 2006 அக்டோபரில் மாநிலம் முழுவதும் மூன்று நாட்களுக்குள் 8.52 லட்சம் கன்றுகள் நடப்பட்டுக் கின்னஸ் புத்தகத்தில் ஏறின. 2012இல் அன்றைய முதல்வரின் 64ஆவது பிறந்தநாளுக்கு அரசு 64 லட்சம் கன்றுகள் நடும் திட்டத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டு வயது 65, கன்றுகளும் 65 லட்சம். ஒரு மாநிலத்துக்கு எத்தனை மரம் தேவை என்பதை மண்ணும் மழையும் தீர்மானிக்க வேண்டும். இங்கே அதை முதல்வரின் வயது தீர்மானித்தது.

நாம் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2016 ஜூலையில் உத்தரப் பிரதேசம் ஒரே நாளில் ஏறக்குறைய 5 கோடிக் கன்றுகளை நட்டதாக அறிவித்தது. 2019 நவம்பர் 11 அன்று துருக்கி ஒரு கோடியே பத்து லட்சம் கன்றுகளை நட்டது. சில மாதங்களில் அந்நாட்டு வனத்துறை ஊழியர் சங்கம் தான் பார்வையிட்ட இடங்களில் 90 விழுக்காடு வரை பட்டுப்போய்விட்டதாகச் சொன்னது. அமைச்சகம் மறுத்தது; பெரும்பாலானவை உயிரோடு இருப்பதாகச் சொன்னது. யார் சொன்னது சரி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நட்ட எண்ணிக்கையைப் பற்றி இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பிழைத்த எண்ணிக்கையில்தான் வானத்துக்கும் பூமிக்குமான வித்தியாசம். நடுவது எல்லோர் முன்னிலையிலும் நடக்கிறது. சாவது ஆளில்லாத நேரத்தில் நடக்கிறது.

நான் மென்பொருள் ஆலோசகன். புதிய மென்பொருளை வாடிக்கையாளரின் அலுவலகத்தில் ஓடவிடும் நாளை எங்கள் தொழிலில் 'கோ-லைவ்' என்போம். அன்று கேக் வெட்டுவோம், படம் எடுப்போம். ஆனால் அன்றைக்கே முழுப் பணத்தையும் கொடுத்துவிடும் வாடிக்கையாளரை நான் இருபது ஆண்டுகளில் பார்த்ததில்லை. ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்வார். ஆறு மாதம் ஓடட்டும், பிழை வந்தால் யார் வருவார், எத்தனை மணிநேரத்தில் வருவார், வராவிட்டால் எவ்வளவு கழிப்பேன் என்று எழுதி வாங்கிய பிறகே மீதியைத் தருவார். பராமரிப்புக்குத் தனி ஒப்பந்தம். எந்தப் பெரிய மென்பொருளிலும் உருவாக்கும் செலவைவிட ஆயுள் முழுக்கப் பராமரிக்கும் செலவு அதிகம் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். இதே வேலையில் இருக்கும் நம்மவர்கள், அலுவலகத்தில் கால் திர்ஹத்துக்குக் கணக்குக் கேட்பவர்கள், மரம் என்று வந்தால் கோ-லைவ் அன்றே முழுத் தொகையையும் அனுப்பிவிட்டுச் சான்றிதழை முகநூலில் போடுகிறார்கள்.

அப்படி ஒரு அழைப்பு வந்தபோது அனுப்பியவர்களிடம் ஒரே கேள்வி கேட்டேன்: மூன்றாவது கோடையில் இந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார், அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து? பதிலாகப் பன்னிரண்டு புகைப்படங்கள் வந்தன. எல்லாம் நட்ட நாளில் எடுத்தவை.

துபாய் கற்றுத்தரும் ஒரு பாடம்

மரத்துக்கு விலை உண்டு என்பதை துபாயில் வசிப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே தெருவில் நிற்கும் ஒவ்வொரு வேம்பின் அடியிலும் ஒரு கறுப்புக் குழாய் சுற்றிக் கிடக்கும். அதன் வழியே சொட்டுவது பெரும்பாலும் சுத்திகரித்த கழிவுநீர். குழாயை நிறுத்தினால் அடுத்த கோடையில் அந்த மரம் இருக்காது. அதற்குப் பின்னால் கழிவுநீர் நிலையம், பம்பு, குழாய், ஓட்டையை அடைக்க ஓர் ஆள் என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த ஆள் பெரும்பாலும் நம் துணைக்கண்டத்திலிருந்து வந்தவர். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை அவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆக, இங்கே மரம் என்றால் தண்ணீர், கூலி, விதிமுறை மூன்றும் சேர்ந்தது. இந்த நகரத்தின் பசுமையைப் பற்றி எனக்கு வேறு விமர்சனங்கள் உண்டு. பாலையில் புல்வெளி வளர்ப்பதை நான் புகழப் போவதில்லை. ஆனால் கணக்கை மறைக்காத நேர்மை அந்தக் கறுப்புக் குழாயில் இருக்கிறது.

சென்னையில் நான்கு ஏரிகளும் வறண்டு, குடிநீருக்கே ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். முந்தைய ஆண்டு யாரோ ஒருவரின் பெயரில் வைத்த கன்றுக்கு அந்த ஜூனில் யார் தண்ணீர் ஊற்றியிருப்பார்? அதே சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் இருக்கின்றன. ஒரு பங்கைச் சாலை மரங்களுக்கு ஒதுக்குவது தொழில்நுட்பச் சிக்கல் இல்லை. கேட்பதற்கு ஆளில்லை. பத்தாயிரம் கன்று கேட்கும் நன்கொடையாளர் ஒரு தண்ணீர் லாரியைக் கேட்டதில்லை.

இன்னொன்றும் துபாய் சொல்கிறது. இந்த நாட்டின் தேசிய மரம் காஃப். 2019ஐச் சகிப்புத்தன்மை ஆண்டாக அறிவித்தபோது அதன் சின்னமாகவும் இந்த மரத்தையே வைத்தார்கள். காஃப் என்றால் வேறு எதுவும் இல்லை, நம் வன்னி மரம். விருத்தாசலம் கோயிலின் தலமரம். பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்துவைத்ததாகச் சொல்லும் மரம். ராஜஸ்தானில் கேஜ்ரி என்பார்கள். 1730இல் கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 363 பிஷ்னோய் மக்கள் உயிர்விட்டார்கள். வேரை வெகு ஆழத்துக்கு இறக்கி, யாரும் ஊற்றாமல் தானே குடித்துக்கொள்ளும் மரம். அதற்கு ஒரு பங்காளி உண்டு: தென்னமெரிக்காவிலிருந்து வந்த சீமைக் கருவேலம். சீக்கிரம் பச்சையாக்கலாம் என்று அதை இங்கேயும் நட்டார்கள், தமிழ்நாட்டிலும் பரப்பினார்கள். இன்று இரண்டு இடத்திலும் அதைப் பிடுங்கப் படாதபாடு படுகிறார்கள். நம் ஊரில் விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது. இரண்டையும் நெடுங்காலம் ஒரே பேரினமாகவே வகைப்படுத்திவந்தார்கள். கன்றாக இருக்கும்போது பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றுதான். எந்த மரம், எந்த மண்ணில் என்று கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் கிடைப்பது சீமைக் கருவேலம்தான்.

வர்தா சொன்னது

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பல்லாயிரம் மரங்கள் விழுந்தன. கிண்டி, அடையாறு, ஐ.ஐ.டி. வளாகம், வண்டலூர் என்று நகரத்தின் பச்சை முழுக்கக் குலைந்தது. அடுத்த வாரமே நடும் இயக்கங்கள் தொடங்கிவிட்டன. அவசரத்தில் இரண்டு கேள்விகள் காணாமல் போயின.

முதல் கேள்வி, எவை விழுந்தன? அழகுக்கும் வேகத்துக்குமாகச் சாலையோரம் வைத்த மயிர்க்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி போன்ற வெளிநாட்டு மரங்கள் அதிகம் விழுந்தன என்று மரம் அறிந்தவர்கள் அன்றே சொன்னார்கள். கடலோரத்து மண்ணில் பழகிய பூவரசு, புன்னை, புங்கை, மகிழம் போன்றவை தாக்குப்பிடிக்கும் என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

இரண்டாவது கேள்வி இன்னும் சங்கடமானது. எவை ஏற்கெனவே விழத் தயாராக இருந்தன? நடைபாதைக்கு அடிமரம் வரை சிமெண்ட் பூசினோம். மழைநீர் வடிகாலுக்கு ஒருபக்க வேரை வெட்டினோம். மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, இணையக் கம்பி என்று துறைக்கொரு பள்ளம் தோண்டினோம். கம்பியில் உரசுகிறது என்று ஒரு பக்கக் கிளையை மட்டும் கழித்தோம். அடியில் பிடிப்பில்லாமல், மேலே எடை ஒரு பக்கம் சாய்ந்து நின்ற மரத்தைக் காற்று தள்ளியது. புயலின் பெயரில் எழுதிய சாவுகளில் ஒரு பகுதிக்குப் பொறுப்பு துறைகளுடையது. மாநகராட்சியின் ஒரு பிரிவு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து கன்று வைக்கிறது. அதே மாநகராட்சியின் இன்னொரு பிரிவு அடுத்த தெருவில் முப்பது வயது மரத்தின் வேரை அறுக்கிறது. முதலாவதற்கு நாம் காசு அனுப்புகிறோம். இரண்டாவது நம் கண்ணில் படுவதே இல்லை.

"ஒரு மரத்தை வெட்டினால் பத்து கன்று" என்ற விதி இந்தக் கண்கட்டு வித்தைக்குச் சட்டபூர்வ வடிவம். சாலை அகலப்படுத்தலா, பாலமா, கவலையில்லை. பத்து மடங்கு ஈடு கட்டியாயிற்று. நாற்பது ஆண்டு நிழலுக்குப் பத்து குச்சிகள் ஈடாகும் என்றால், ஒரு பாட்டி இறந்த வீட்டில் பத்து கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வரலாம்.

உருப்பட்ட ஒன்று

இந்தக் கூட்டாண்மை சரியாக நடந்த இடம் சென்னையிலேயே இருக்கிறது. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில், பொதுப்பணித் துறையின் நிலம் ஒன்று குப்பை கொட்டும் இடமாகக் கிடந்தது. 2005இல் தொடங்கிய 'நிழல்' அமைப்பு அடுத்த ஆண்டு அங்கே வேலை ஆரம்பித்தது. நிலம் அரசினுடையதாகவே இருந்தது. அமைப்பும், வாரக் கடைசியில் வரும் தன்னார்வலர்களும், அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து குப்பையை அகற்றி, மண்ணைத் தேற்றி, உள்ளூர் மர வகைகளை வைத்தார்கள். பிறகு செய்ததுதான் முக்கியம்: திரும்பத் திரும்ப வந்தார்கள். களை எடுத்தார்கள், மூடாக்கு போட்டார்கள், செத்ததற்குப் பதில் வேறு வைத்தார்கள். 2015 வெள்ளத்தில் கோட்டூர்புரம் மூழ்கியது. மறு ஆண்டு வர்தா வந்தது. மரப்பூங்கா இன்றும் இருக்கிறது.

அது பெரிய இடம் இல்லை. சில ஏக்கர்தான். எந்தக் கின்னஸ் புத்தகத்திலும் வராது. ஆனால் ஓர் இடம், ஓர் அமைப்பு, ஓர் அரசுத் துறை, பத்தாண்டுக்கு மேல் தொடரும் உறவு என்ற நான்கும் அங்கே கூடின. அதே அமைப்பு மரங்களில் அடித்த விளம்பர ஆணிகளைப் பிடுங்குவதையும், அடிமரத்தைச் சுற்றிய சிமெண்டை உடைப்பதையும், மரம் அறிந்த குடிமக்களைப் பயிற்றுவிப்பதையும் வேலையாக வைத்துக்கொண்டது. ஆணி பிடுங்கும் வேலைக்குச் சான்றிதழ் தர முடியாது. உங்கள் மகள் பெயரில் ஓர் ஆணியைப் பிடுங்கினோம் என்று எந்த நிறுவனமும் விளம்பரம் செய்யாது. ஆனால் ஒரு ரூபாய்க்கு அதிக நிழல் தரும் வேலை அதுதான்.

பெரிய அளவிலும் இதைச் செய்ய முடியும். நியூயார்க்கில் 2007இல் தொடங்கி 2015இல் முடிந்த பத்து லட்சம் மரத் திட்டம் நகரப் பூங்காத் துறையும் 'நியூயார்க் ரெஸ்டோரேஷன் ப்ராஜெக்ட்' என்ற தொண்டு அமைப்பும் சேர்ந்து செய்தது. அங்கேயும் எண்ணிக்கைதான் கோஷம். ஆனால் அதற்கு முன்பே பூங்காத் துறை ஒரு காரியம் செய்திருந்தது. 1999 முதல் 2003 வரை வைத்த தெரு மரங்களைச் சில ஆண்டுகள் கழித்துத் தேடிப் போய்ப் பார்த்தது. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு உயிரோடு இருந்தது. நான்கில் ஒன்று போய்விட்டது என்பதை நகரமே எழுதி வெளியிட்டது. யாராவது மண்ணைக் கிளறியோ செடி வைத்தோ கவனித்த அடையாளம் இருந்த குழிகளில் மரங்கள் அதிகம் பிழைத்திருந்தன என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. தெரு மரம் நடும் ஒப்பந்தக்காரர் இரண்டாண்டு உத்தரவாதம் தர வேண்டும் என்பது அங்கே நடைமுறை. பத்தாண்டுக்கு ஒருமுறை தன்னார்வலர்களைக் கொண்டு தெரு மரங்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். இப்படி ஓர் அறிக்கையை நம் ஊரில் எந்தக் கூட்டாண்மையிடமாவது கேட்டு வாங்கியிருக்கிறோமா?

எதிர்க்கேள்விகள்

"ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் அல்லவா?" என்பார்கள். இல்லை. செத்த கன்று பூஜ்யம் இல்லை, கடன். அந்தப் பணமும் தண்ணீரும் உழைப்பும் போய்விட்டன. "அதுதான் நட்டாயிற்றே" என்ற நிம்மதி ஊரிலும் நம்மிடமும் தங்கிவிட்டது. அடுத்த முறை ஒரு வேப்பமரத்தை வெட்டும்போது அந்த நிம்மதியைத்தான் காட்டுவார்கள்.

"சென்னையில் பசுமை கூடியிருக்கிறதே" என்றும் சொல்வார்கள். உண்மைதான். இந்திய வன அளவைத் துறையின் 2021 அறிக்கைப்படி பத்தாண்டில் சென்னையின் பச்சைப் பரப்பு ஏறியிருக்கிறது. நகரப் பரப்பில் சுமார் 5 விழுக்காடு. ஆனால் அந்தச் செயற்கைக்கோள் கணக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறையாத திட்டுகளைத்தான் பார்க்கிறது. கிண்டியும் வளாகங்களும் அதில் வரும். ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ பேருந்துக்கு நிற்பவர் தலைக்கு மேல் இருக்க வேண்டிய ஒற்றை மரம் வராது. நிழல் யாருக்குக் கிடைக்கிறது என்று அந்த 5 விழுக்காடு சொல்லாது.

"நிறுவனங்களின் பணம் அப்படித்தான் வரும்" என்று தொண்டு நிறுவன நண்பர்கள் சொல்வது நியாயமான குறை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொடர் திட்டம் என்றாலும், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்றாண்டுதான் வரம்பு. மரத்துக்கு நிதியாண்டு தெரியாது. நான்காவது கோடையில் ஒரு வறட்சி வந்தால் ஆதரவு தேவைப்படும், கோப்போ மூடப்பட்டிருக்கும். நம்மைப் போன்றவர்களின் பணம் அங்கேதான் பயன்பட வேண்டும். நிறுவனங்கள் நடட்டும். நிறுவனங்கள் போன பிறகான ஆண்டுகளுக்கு நாம் கொடுப்போம். ஒரு கன்றுக்கு விலை கொடுப்பதற்குப் பதில் ஒரு தண்ணீர் ஊற்றுபவரின் மாதச் சம்பளத்தை ஐந்தாண்டுக்கு நாலு குடும்பம் சேர்ந்து ஏற்கலாம். அவர் பெயர் தெரியட்டும், நம் பெயர் வேண்டாம்.

இதில் சட்டமும் கவனிக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் வளைகுடாத் தமிழர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. டொராண்டோவிலோ லண்டனிலோ குடியுரிமை பெற்றவர், அங்கேயே பிறந்த பிள்ளைகள் அனுப்பினால் ஆகும். வாங்கும் அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பெரிய அமைப்பு அப்படி வாங்கிய பணத்தைப் பதிவில்லாத தெருமுனை அமைப்புக்குப் பிரித்துத் தரவும் முடியாது. சின்ன அமைப்புகளுக்கு உண்மையாக உதவக்கூடிய முதல் தலைமுறையினர் வளைகுடாவில்தான் அதிகம். அதே சமயம் துபாயில் அனுமதியின்றி நிதி திரட்டுவதை 2015ஆம் ஆண்டின் 9ஆம் எண் ஆணை தடை செய்கிறது. ஆகவே சங்கம் உண்டியல் குலுக்க வேண்டாம். அவரவர் நேரடியாக, கேள்வி கேட்டு, கொடுப்பதே சரி.

"ஊரைவிட்டுப் போனவனுக்கு என்ன உரிமை?" என்ற கேள்வியும் வரும். உரிமை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பணம் மட்டும் வேண்டுமென்றால் எப்படி? பணம் கொடுப்பவரின் குறைந்தபட்சக் கடமை அது என்ன ஆயிற்று என்று பார்ப்பது. அதைச் செய்யாத நன்கொடை தன் ஏக்கத்துக்குத் தானே வாங்கும் மருந்து. இரண்டாம் தலைமுறைக்கும் இதையே சொல்வேன். தாத்தா ஊரில் உங்கள் பெயரில் ஒரு மரம் இருப்பது இனிய நினைப்புதான். விடுமுறையில் போகும்போது அந்த மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டுகிறார்களா பாருங்கள்.

நிற்கும் மரத்துக்கு ஒரு சட்டம்

கூட்டாண்மைகள் தொடாத இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955இலேயே சட்டம் வந்தது. சமவெளி நகரங்களுக்கு அப்படி ஒரு முழுமையான சட்டம் இல்லை. மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975 முதல், கர்நாடகத்துக்கு 1976 முதல், தில்லிக்கு 1994 முதல் மரப் பாதுகாப்புச் சட்டங்கள் உண்டு. நம்மிடம் பொது இடத்து மரங்களுக்கு மாவட்டப் பசுமைக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் பலம் அந்தந்த அதிகாரியின் மனத்தைப் பொறுத்தது. சிங்கப்பூரில் 1963இல் லீ குவான் யூ ஒரு கன்றை நட்டதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த நாடு 1975இல் மரங்களுக்கெனச் சட்டம் போட்டதையும், குறிப்பிட்ட பகுதிகளில் ஒரு மீட்டர் சுற்றளவுக்கு மேற்பட்ட மரத்தை அனுமதியின்றித் தொட முடியாது என்பதையும் அவ்வளவாகச் சொல்வதில்லை. கன்று நடுவது படத்துக்கு ஏற்றது. சட்டத்தைப் படம் எடுக்க முடியாது.

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், பத்தாண்டில் மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்தப் போவதாகச் சொல்கிறது. அதற்காக இன்னும் நிறையக் கூட்டாண்மைகள் வரும், நிறைய அழைப்புகள் நம் கைபேசிக்கு வரும். வரும்போது நான்கு கேள்விகளை அனுப்புங்கள். மழைக்கு முன்னா நடுகிறீர்கள், சுற்றுச்சூழல் நாளுக்கா? ஐந்தாவது கோடை வரை தண்ணீர் ஊற்றுபவர் யார், சம்பளம் யார் தருகிறார்? ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பிழைத்தன என்று இடத்தோடு வெளியிடுவீர்களா? அதே தெருவில் ஏற்கெனவே நிற்கும் மரங்களின் வேரைக் காக்க மாநகராட்சியோடு என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?

நான்குக்கும் பதில் வந்தால் கன்றுக்கு வேண்டாம், அந்த ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். புகைப்படம் வந்தால் உங்கள் பணம் உங்களிடமே இருக்கட்டும்.